ஒப்புக்குச் சப்பாணி

சின்ன வயசில் தெருவில் ஆடிய எல்லோருக்கும் இந்தச் சொல் தெரியும். ஒப்புக்குச் சப்பாணி. சில பக்கங்களில் உப்புக்குச் சப்பாணி என்பார்கள். ரொம்பச் சின்னப் பிள்ளை, ஓட முடியாத பிள்ளை, அழுது அடம்பிடிக்கிற பிள்ளை, இவர்களை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள், கணக்கில் சேர்க்கமாட்டார்கள். அவன் தொட்டாலும் அவுட் இல்லை, அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை. தொட்டால் தீட்டு என்று ஒருத்தனை ஒதுக்கினார்கள். தொட்டாலும் ஒன்றுமில்லை என்று இன்னொருத்தனை ஒதுக்கினார்கள். ரெண்டும் தொடுகிறதை வைத்து ஆளைத் தள்ளுகிற கணக்குதான்.

சப்பாணி என்றால் பிள்ளைத்தமிழில் குழந்தை கை கொட்டி ஆடுவது. புலவர்கள் அரசனையும் கடவுளையும் குழந்தையாக்கிச் சப்பாணி கொட்டச் சொல்லிப் பத்துப் பத்துப் பாட்டாக அடுக்கினார்கள். தெருவில் அதே சொல்லுக்குக் கால் விளங்காதவன், உட்கார்ந்து நகர்கிறவன் என்று பொருள். 1977-ல் வந்த '16 வயதினிலே' படத்தில் அது ஒரு ஆளின் பெயராகவே ஆகிவிட்டது. சொந்தப் பேர் என்று ஒன்று அவனுக்கு இருக்கக்கூடும் என்பதே ஊருக்கு மறந்துபோயிருந்தது. நம்ம ஆட்களுக்கும் இது புதுசில்லை. ஊருக்குள் போனால் நம் தாத்தாக்களுக்கு எங்கே பேர் இருந்தது?

உடல் ஊனமுற்றவர்களை விளையாட்டில் சேர்க்க வேண்டும் என்று இன்றைக்கு அரசும் சொல்கிறது, கம்பெனிகளும் சொல்கின்றன. சேர்ப்பது என்றால் என்ன? ஒப்புக்கா, கணக்குக்கா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பழசைத் தோண்டிப் பார்த்தேன். கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

*

எம்.ஏ. படிக்கும்போது நொண்டி நாடகம் எங்களுக்குச் சிற்றிலக்கிய வரிசையில் ஒரு பேராகத்தான் வந்தது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த வகை. சீதக்காதி நொண்டி நாடகம், திருச்செந்தூர் நொண்டி நாடகம் என்று ரெண்டு உதாரணம் எழுதினால் மார்க் விழும். அதற்கு மேல் யாரும் பேசியதில்லை.

கதை ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஒரு திருடன். தாசியிடம் பணத்தை விட்டவன், குதிரை திருடப் போய்ப் பிடிபடுகிறான். கால் வெட்டப்படுகிறது. அலைந்து திரிந்து கடவுளின் சன்னதிக்கு வருகிறான். வெட்டுப்பட்ட கால் வளர்கிறது. அவனே தன் கதையை ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளிப் பாடுவான். அந்தத் துள்ளலுக்கு ஏற்ற சந்தம்தான் நொண்டிச் சிந்து. பின்னால் பாரதியும் அதை எடுத்துக்கொண்டார்.

கடைசியில் கால் வளர்ந்து நிற்க வேண்டும் என்பது கதை. அப்படியானால் அதை ஆடியவன் இரண்டு காலும் உள்ளவனாகத்தான் இருந்திருக்க முடியும். நொண்டியின் பேரில் ஒரு இலக்கிய வகை, ஒரு சந்தம், ஒரு மேடை எல்லாம் உண்டு. மேடையில் நொண்டிக்கு மட்டும் இடமில்லை. ஊனமான உடம்பு மேடையேற இந்த வகை ரெண்டு நிபந்தனை வைக்கிறது. ஒன்று, ஊனம் ஏதோ ஒரு குற்றத்துக்கான தண்டனையாக இருக்க வேண்டும். இரண்டு, முடிவில் அது சரியாகிவிட வேண்டும். காலில்லாமலேயே ஒருத்தன் ஆடிவிட்டுப் போனான் என்று முடிக்க அந்தப் புலவர்களுக்கு மனம் வரவில்லை.

பிறப்பிலேயே நாம் தாழ்ந்ததற்குப் போன ஜென்மத்துப் பாவம் காரணம் என்று நமக்குச் சொன்னவர்களும், கால் சூம்பியதற்குப் போன ஜென்மத்துப் பாவம் காரணம் என்று சொன்னவர்களும் ஒரே ஆட்கள். கர்மவினை என்கிற அந்த ஒரே கத்தியால்தான் ரெண்டு உடம்பையும் வெட்டினார்கள்.

*

கணக்கில் சேருகிற விளையாட்டு ஊனமுற்றவர்களுக்கு எங்கே தொடங்கியது என்று பார்த்தால் மூன்று இடங்கள் முக்கியமாகத் தெரிகின்றன.

முதலாவது, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன், 1922. ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த பார்வையற்ற தொழிலாளர்கள் இரண்டு பேர். ஒரு தகர டப்பாவில் கல்லைப் போட்டு மூடினார்கள். உருட்டினால் சத்தம் வரும், சத்தம் வரும் பக்கம் மட்டையை வீசலாம். கிரிக்கெட் ஆடினார்கள். 1928-லேயே அதே நகரத்தில் பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கென்று தனி மைதானம் வந்துவிட்டது. பந்தைப் பார்க்க வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தபோது, பந்தைக் கேட்டாலும் போதும் என்று கண்டுபிடித்தவர்கள் கூலிக்கு உழைத்த குருடர்கள். டாக்டரோ, தர்மவானோ, அரசோ அதைச் செய்யவில்லை.

இரண்டாவது, பாரிஸ், 1924. காது கேளாதவர்களுக்கான முதல் சர்வதேசப் போட்டி. ஐரோப்பாவின் 9 நாடுகள் கலந்துகொண்டன. நடத்தியவர் யூஜின் ரூபன்ஸ்-அல்கே. அவரே காது கேளாதவர். அந்தக் காலத்தில் காது கேளாதவர்களுக்கு மூளையும் குறைவு என்று படித்தவர்களே நம்பினார்கள். சைகை மொழிக்குப் பல பள்ளிக்கூடங்களில் தடை இருந்தது. அந்த நிலையில் தங்கள் மொழியில், தங்கள் நிர்வாகத்தில் ஒரு உலகப் போட்டி. இன்றைக்கு டெஃப்லிம்பிக்ஸ் என்ற பெயரில் அது தொடர்கிறது.

மூன்றாவது எல்லோரும் சொல்கிற கதை. லுட்விக் குட்மன் என்கிற டாக்டர். ஜெர்மனியின் பிரெஸ்லாவில் நரம்பியல் மருத்துவராக இருந்தவர், யூதர். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்பதால் பொது மருத்துவமனை வேலை போயிற்று. யூதர்களுக்கான மருத்துவமனைக்குத் தள்ளப்பட்டார். 1938 நவம்பரில் யூதர்கள் வேட்டையாடப்பட்ட இரவில் ஓடி வந்தவர்களை நோயாளிகள் என்று படுக்கையில் சேர்த்துக் காப்பாற்றினார். 1939-ல் இங்கிலாந்துக்குத் தப்பினார். அவர் விட்டு வந்த நாட்டில் 1940, 41 ஆகிய இரண்டு வருஷத்துக்குள் 70,000-க்கு மேற்பட்ட ஊனமுற்றவர்களையும் மனநோயாளிகளையும் நச்சு வாயு அறையில் அடைத்துக் கொன்றார்கள். யூதர்களைக் கொல்வதற்கு முன்னால் அந்த முறையைப் பழகிப் பார்த்தது ஊனமுற்ற உடம்புகள் மேல்தான். சுத்த ரத்தம் என்று பேசுகிற எந்தத் தத்துவமும் கடைசியில் யாரிடம் வந்து நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்கிற இடத்தில் 1944-ல் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான பிரிவு அவர் பொறுப்பில் தொடங்கியது. இடுப்புக்குக் கீழே விளங்காமல் போன போர் வீரர்கள் அப்போதெல்லாம் படுக்கைப் புண்ணிலும் மூத்திரத் தொற்றிலும் செத்துப்போவார்கள். சாவை எதிர்பார்த்துப் படுக்கப் போடுவதுதான் வைத்தியம். குட்மன் அவர்களை மணிக்கணக்கு வைத்துப் புரட்டிப் படுக்க வைத்தார், உட்கார வைத்தார், பிறகு ஆட வைத்தார். 1948 ஜூலை 29 அன்று லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் இருந்து வில் எய்தார்கள். 14 ஆண்கள், 2 பெண்கள். இதுதான் பாராலிம்பிக்கின் விதை.

குட்மனின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். டப்பாவில் கல் போட்டவர்களுக்கு ஆட்டம் ஆட்டத்துக்காகத்தான். மருத்துவமனைப் புல்வெளியில் ஆட்டம் வைத்தியத்துக்காக. ஆளைத் தேற்றி உழைக்கிற குடிமகனாக்கி வீட்டுக்கு அனுப்புவது அதன் நோக்கம். இரண்டாவது வழிக்குத்தான் அரசாங்கங்களின் பணமும் பத்திரிகைகளின் வெளிச்சமும் கிடைத்தன. அதனால்தான் இன்றைக்கும் ஊனமுற்ற ஒருத்தர் பந்தைத் தொட்டால், 'பாவம், மனசுக்கு ஆறுதலா இருக்கும்' என்கிறார்கள். ஆடுகிறவனுக்கு ஆட ஆசை, அவ்வளவுதான் என்று யாரும் நினைப்பதில்லை.

*

1960-ல் ரோமில் 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் கூடினார்கள். அதைத்தான் முதல் பாராலிம்பிக் என்கிறோம். அதற்குப் பிறகு பெரிய விளையாட்டு உலகம் இவர்களை எப்படி நடத்தியது என்று வரிசையாகப் பாருங்கள். 1968-ல் மெக்சிகோ நடத்த மாட்டேன் என்றது. டெல் அவிவ் போனார்கள். 1972-ல் மியூனிக்கில் வீரர்கள் தங்கிய குடியிருப்பு தனியார் வீடுகளாகப் போகிறது, இடமில்லை என்றார்கள், ஹைடல்பர்க் போனார்கள். 1980-ல் மாஸ்கோ மறுத்தது, ஆர்னம் போனார்கள். உழைப்பாளிகளின் நாடு என்று நாம் நம்பிய நாடு அது. 1984-ல் அமெரிக்காவின் இல்லினாயில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு நடப்பதாக இருந்தது, பணமில்லை என்று கைவிடப்பட்டு மறுபடி ஸ்டோக் மாண்டவில்லுக்கே வந்தது. 1988-ல் சியோலில்தான் ஒலிம்பிக் நடந்த அதே மைதானங்களில் இவர்களும் ஆடினார்கள். ஊர்க் கோயிலில் திருவிழா முடிந்து, சாமான் எல்லாம் எடுத்து வைத்த பிறகு சேரிக்குச் சாமி வருமா வராதா என்று காத்திருந்த ஜனங்களுக்கு இந்த வரிசையை விளக்க வேண்டியதில்லை.

ஒதுக்கப்பட்டவர்களுக்குள்ளும் ஒதுக்கல் இருந்தது. தொடக்கத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு மட்டும்தான் இடம். பார்வையற்றவர்களும் கை கால் இழந்தவர்களும் 1976-ல் டொராண்டோவில்தான் உள்ளே வர முடிந்தது. மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் 1980-ல். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் 1996-ல் வந்து, நான்கே வருஷத்தில் வெளியே போனார்கள். அந்தக் கதையை நம்ம ஆட்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2000-ல் சிட்னியில் ஸ்பெயின் கூடைப்பந்து அணி தங்கம் வாங்கியது. அந்த அணியில் 12 பேரில் 10 பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை என்று பின்னால் வெளியே வந்தது. பித்தலாட்டம் செய்தவர்கள் நல்ல மூளையோடு இருந்தவர்கள். தண்டனை யாருக்கு? உலகம் முழுக்க அறிவுசார் குறைபாடு உள்ள அத்தனை பேருக்கும். 2012 வரை அவர்களை உள்ளே விடவில்லை. போலிச் சாதிச் சான்றிதழ் வாங்கி நம் இடத்தில் உட்கார்கிறவன் ஒருத்தன், 'இடஒதுக்கீட்டாலதான் நாடு கெட்டுப்போச்சு' என்று பேச்சு வாங்குகிறவர்கள் நாம். அதே நியாயம்தான் அங்கேயும் நடந்திருக்கிறது.

*

இந்தியா முதலில் போனது 1968-ல். முதல் தங்கம் 1972-ல் ஹைடல்பர்க்கில். முரளிகாந்த் பேட்கர், மராட்டியத்துச் சாங்க்லி பக்கத்துக்காரர். ராணுவத்தில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். 1965 போரில் குண்டடிபட்டு நடக்க முடியாமல் போனார். 50 மீட்டர் நீச்சலில் உலக சாதனை நேரத்தோடு வென்றார். இந்தியர் ஒருவர் தனி ஆளாக வாங்கிய ஒலிம்பிக் தங்கம் என்று நாம் 2008-ன் அபினவ் பிந்த்ராவைச் சொல்கிறோம். அதற்கு 36 வருஷம் முன்னால் பாராலிம்பிக்கில் வாங்கப்பட்ட தங்கத்தைப் பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2018-ல். 46 வருஷம். ஒரு ஆயுள்.

1984-ல் ஜோகிந்தர் சிங் பேடி ஒரு வெள்ளியும் இரண்டு வெண்கலமும், பீம்ராவ் கேசர்கர் ஈட்டி எறிதலில் ஒரு வெள்ளியும் வாங்கினார்கள். அதற்குப் பிறகு 20 வருஷம் ஒன்றுமில்லை. 2004-ல் ஏதென்ஸில் தேவேந்திர ஜஜாரியா ஈட்டியில் தங்கம் வாங்கினார். ராஜஸ்தான் கிராமத்தில் மரம் ஏறும்போது மின்கம்பி பட்டு எட்டு வயதில் இடது கையை இழந்தவர். 2016-ல் இந்தியாவுக்கு 4 பதக்கம், டோக்கியோவில் 19, 2024-ல் பாரிஸில் 29. பாரிஸ் பாட்மின்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். மூன்று பேரும் தமிழ்நாட்டுப் பெண்கள்.

இந்த ஏறுமுகத்துக்கு நடுவில் ஒரு வருஷத்தை மறக்கக்கூடாது. 2015 மார்ச்சில் காஜியாபாத்தில் தேசிய பாரா தடகளப் போட்டி நடந்தது. கட்டி முடிக்காத கட்டடத்தில் வீரர்களைத் தங்கவைத்தார்கள். சாய்தளம் இல்லை, சரியான கக்கூஸ் இல்லை. சக்கர நாற்காலிக்காரர்கள் தரையில் தவழ்ந்து போனார்கள். தேசிய அளவில் ஓடி ஜெயிக்க வந்தவர்களைத் திரும்பவும் சப்பாணியாக்கி நகரவிட்ட போட்டி அது. படங்கள் வெளியே வந்து நாறிய பிறகு, அடுத்த மாதமே சர்வதேசக் குழு இந்திய பாராலிம்பிக் குழுவை இடைநீக்கம் செய்தது. 2016-ல் ரியோவுக்கு முன்புதான் தடை நீங்கியது.

அந்த ரியோவில்தான் மாரியப்பன் தங்கவேலு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா காய்கறி விற்றுக் காப்பாற்றினார். உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். தமிழ்நாடு அரசு அவருக்கு 2 கோடி ரூபாய் அறிவித்தது. கொடுக்கட்டும், இன்னும் கொடுக்கட்டும். ஆனால் தங்கம் வாங்கின மறுநாளிலிருந்து அவர் எந்தச் சாதி என்று இணையத்தில் தேடினார்களே ஜனங்கள், அதையும் வரலாற்றில் எழுதித்தான் வைக்க வேண்டும்.

இங்கே எனக்குத் திரும்பவும் நொண்டி நாடகம் ஞாபகம் வருகிறது. பத்திரிகைகள் எழுதிய கதையைப் பாருங்கள். ஏழ்மை, விபத்து, கண்ணீர், கடைசியில் தங்கம். சாமி கொடுத்த காலுக்குப் பதிலாகப் பதக்கம். பதக்கம் வந்ததும் ஊனம் தீர்ந்துபோனதாகக் கதை முடிகிறது. 'ஊனம் ஒரு தடையல்ல' என்று தலைப்பு. தடை ஊனத்தில் இல்லை என்பது சரிதான். அப்படியானால் தடை எங்கே இருந்தது, அதை வைத்தது யார் என்று அடுத்த வரி எழுத வேண்டுமே. எழுதமாட்டார்கள். எழுதினால் பஸ் முதலாளி, பள்ளிக்கூடம், பஞ்சாயத்து, மருத்துவமனை எல்லாம் கதைக்குள் வந்து நிற்கும்.

*

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊனமுற்றவர்கள் 2 கோடியே 68 லட்சம். மக்கள்தொகையில் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரிடம் மட்டும் பார்த்தால் 2.45 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடி இரண்டிலும் சேராத மற்றவர்களிடம் 2.18. இந்த வித்தியாசம் ரத்தத்தில் வந்ததில்லை. கரும்பு ஆலையிலும் கதிரடிக்கும் மெஷினிலும் கல்குவாரியிலும் கையை விடுகிறவர்கள் யார், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியாத பெண்கள் யார், சொட்டு மருந்து கடைசியாக வந்து சேர்ந்த தெரு எது என்று கேட்டால் பாதி பதில் கிடைத்துவிடும். 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கியது. அதற்கு முன்னால் கால் சூம்பியவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

எங்கள் காலனியிலும் ஒருத்தன் இருந்தான். என் வயசு. இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் போனவன். கோடையில் ஏரி காய்ந்தால் அதுதான் எங்கள் மைதானம். பந்து எங்கே விழும் என்று அவனுக்கு எப்படித்தான் தெரியுமோ, மட்டையை வைத்தால் போகும். 'அவன் அடிக்கட்டும்டா, நான் ஓடிக்கிறன்' என்று ஒருத்தன் சொன்னான். அவ்வளவுதான், விதி முடிந்தது. கூட்டம் போடவில்லை, தீர்மானம் போடவில்லை. ஊர்ப் பையன்களோடு பந்தயம் வைத்தபோதுதான் பிரச்சினை வந்தது. 'காலனிக்காரனுங்க வந்ததே பெருசு, இதுல நொண்டிய வேற சேத்துக்கினு வந்துட்டானுங்க' என்றான் ஒருத்தன். அவனை அம்பயராக நிற்கச் சொன்னார்கள். அவன் அவுட் கொடுத்தால் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அம்பயரிலும் ஒப்புக்குச் சப்பாணி.

நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடு வந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பந்து. காலனிப் பிள்ளைகளுக்கு மைதானத்தில் முள் பொறுக்குகிற வேலை, தண்ணீர் தெளிக்கிற வேலை. அவனுக்குப் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல். ஒரே மைதானத்தில் மூன்று வகை ஆட்கள். அந்த மண்ணை ஆடத் தக்கதாக்கினவர்கள் நாங்கள், ஆடினவர்கள் அவர்கள்.

இது எங்கள் ஊர் கண்டுபிடிப்பு இல்லை. பல்வங்கர் பாலு கதையைப் படித்தால் தெரியும். தார்வாட்டில் பிறந்த சாமர் சாதிக்காரர். புனாவில் வெள்ளைக்காரர்களின் மைதானத்தைப் பராமரிக்கிற கூலியாக இருந்தார். வலைப்பயிற்சியில் துரைமார்களுக்கு மணிக்கணக்கில் பந்து போட விட்டார்கள், மட்டை பிடிக்க விடவில்லை. பந்து வீசுவது வேலை, மட்டை அடிப்பது விளையாட்டு என்பது அவர்கள் கணக்கு. பிறகு இந்து அணியில் ஆடவிட்டபோதும் தேநீர் இடைவேளையில் அவருக்குக் கூடாரத்துக்கு வெளியே தனிக் குவளையில் டீ. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தவருக்கு இந்து அணியின் தலைமை கடைசி வரை கிடைக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923-ல் கிடைத்தது, அதுவும் சண்டை போட்ட பிறகு. மைதானத்துக்குள் விடுவது ஒன்று, கூடாரத்துக்குள் விடுவது வேறொன்று. ஊனமுற்றவர்களைச் சேர்ப்பது பற்றிப் பேசும்போதும் நாம் கேட்க வேண்டியது கூடாரத்தைப் பற்றித்தான். அணி தேர்வு செய்கிற அறையில், பணம் ஒதுக்குகிற மேசையில், விதி எழுதுகிற பேனாவில் அவர்கள் இருக்கிறார்களா?

*

விதியை மாற்றினால் ஆட்டத்தின் தரம் கெட்டுவிடும் என்பார்கள். தகுதி, திறமை என்று பேச்சு வரும். நமக்குப் பழக்கப்பட்ட பல்லவி. இதற்குப் பார்வையற்றோர் கிரிக்கெட்டே பதில் சொல்கிறது.

பந்து கெட்டியான பிளாஸ்டிக், உள்ளே சின்ன உலோகக் குண்டுகள் குலுங்கும். தோளுக்குக் கீழேதான் வீச வேண்டும். பந்து ஆடுகளத்தின் பாதிக்கு முன்பே தரையில் பட்டு வர வேண்டும். வீசுகிறவர் 'ரெடியா' என்று கேட்டு, மட்டையாளர் பதில் சொன்ன பிறகு குரல் கொடுத்து வீச வேண்டும். 11 பேரில் குறைந்தது 4 பேர் முழுதும் பார்வையில்லாதவர்களாக இருந்தே ஆக வேண்டும். அவர்கள் அடிக்கிற ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டாகக் கணக்கு. அவர்களுக்காக இன்னொருவர் ஓடலாம். ஒரு தடவை தரையில் பட்டு வந்த பந்தை அவர்கள் பிடித்தாலும் அவுட்.

இது என்ன? இடஒதுக்கீடு. அதுவும் சலுகைக் குரலில் கெஞ்சி வாங்கினது இல்லை, ஆட்டத்தின் அஸ்திவாரமே அதுதான். கொஞ்சம் பார்வை உள்ளவர்கள் மட்டும் சேர்ந்து அணியை நிரப்பிக்கொள்ளக் கூடாது, யாருக்கு அதிகம் இழப்போ அவர் இல்லாமல் ஆட்டமே தொடங்காது. இதனால் ஆட்டத்தின் தரம் செத்துவிட்டதா? 1998-ல் டெல்லியில் முதல் உலகக் கோப்பை நடந்தது, தென்னாப்பிரிக்கா ஜெயித்தது. இந்தியா 2014-ல் உலகக் கோப்பையையே வாங்கியது. ஜெயிக்கிறவன் ஜெயிக்கிறான், தோற்கிறவன் தோற்கிறான். தகுதி என்பது விதிக்கு முன்னால் வானத்திலிருந்து விழுகிற சமாச்சாரமில்லை. விதியை எழுதினவன் உடம்புக்கு எது வசதியோ அதற்கு அவன் வைத்த பேர். எங்கள் ஏரியில் 'நான் ஓடிக்கிறன்' என்று சொன்ன பையன் இந்தத் தத்துவத்தைப் படித்தவனில்லை. கண்ணுள்ளவர்களின் சர்வதேச கிரிக்கெட்டில் அடிபட்டவருக்கு இன்னொருவர் ஓடுகிற வழக்கத்தை 2011-ல் எடுத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். யார் எதைச் சேர்க்கிறார்கள், யார் எதை எடுக்கிறார்கள் என்பது புரியும்.

*

சட்டத்தில் என்ன இருக்கிறது? 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் விளையாட்டு ஒரு உரிமையாக இல்லை. பொழுதுபோக்கு மையத்துக்குச் சலுகை விலையில் நிலம் என்கிற அளவில்தான் இருந்தது. 2006-ன் ஐ.நா. உடன்படிக்கை 30-ஆவது பிரிவில் பொழுதுபோக்கு, விளையாட்டு இரண்டையும் உரிமையாக்கியது. இந்தியா 2007-ல் அதை ஏற்றது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் 30-ஆவது பிரிவுதான் விளையாட்டு. விளையாட்டு அமைப்புகள் தங்கள் திட்டங்களில் ஊனமுற்றவர்களைச் சேர்க்க வேண்டும், மைதானங்களைத் திருத்தி அமைக்க வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது. அரிசன் போய் ஆதிதிராவிடர் வந்த மாதிரி. மரியாதையான சொல் வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. சொல் வந்த அளவுக்குச் சாய்தளம் வரவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் திருத்தங்கள் நிறைவேறின. கூடாரத்துக்குள் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் சொந்தம் உட்காருமா, காலனியில் குவாரியில் காலை விட்டவர் உட்காருவாரா என்பது நம் கையில்தான் இருக்கிறது. பெண் தலைவர்களை வைத்துக் கணவன்மார் பஞ்சாயத்து நடத்தினதையும், தலித் தலைவர்களைத் தரையில் உட்கார வைத்ததையும் பார்த்தவர்கள் நாம். நியமனம் என்கிற சொல்லே ஒப்புக்குச் சப்பாணிக்குப் பக்கத்து வீடு. விழிப்பாக இருக்க வேண்டும்.

நம் இயக்கங்களிலும் இந்தப் பேச்சு வர வேண்டும். அம்பேத்கர் பிறந்த நாளுக்குக் கபடிப் போட்டியும் கிரிக்கெட் போட்டியும் நடத்தாத நம் தெரு உண்டா? அந்தப் போட்டியில் நம் தெருவிலேயே உள்ள கால் இல்லாத பிள்ளை, காது கேளாத பெண், பார்வையில்லாத பையன் எங்கே இருந்தார்கள்? மைக்கில் அறிவிப்புச் செய்யச் சொல்லியிருப்போம், இல்லையென்றால் பரிசு வாங்குகிற கூட்டத்தில் கை தட்டச் சொல்லியிருப்போம். அவர்களையும் ஆடவிடுகிற விதியை அந்தந்தத் தெருவே உட்கார்ந்து எழுதலாம். வெள்ளைக்காரன் எழுதின விதிதான் வேண்டும் என்று கட்டாயமா?

பெரிய மைதானமும் லட்சக்கணக்கில் விலையுள்ள நாற்காலியும் ஒரு நாளில் வராது. சத்தம் போடுகிற பந்து ஒன்று வரும். மைதானத்துக்குப் போகிற வழியில் உள்ள சாக்கடை மேல் ஒரு பலகை வரும். நாற்காலி நுழைகிற மாதிரி ஒரு கக்கூஸ் வரும். 2024 முதல் ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் அடங்கிய தொகுப்பை அரசு கொடுத்துவருகிறது. அது எங்கே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது, சாவி யார் வீட்டில் இருக்கிறது, காலனிப் பிள்ளைகள் கேட்டால் கிடைக்கிறதா, ஊனமுற்ற பிள்ளைகள் ஆடத் தக்கதாக அதில் என்ன இருக்கிறது? மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 தேதிகளில் கிராம சபை கூடுகிறது. கேள்வியை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி, நகல் வாங்க வேண்டும். கேட்கப் போகும்போது அந்தப் பிள்ளைகளையும் கூடவே அழைத்துக்கொண்டு போக வேண்டும். அவர்கள் சார்பில் நாம் பேசுவதைவிட, என்ன ஆட வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும்.